சகலன் அனுப்பிய லப்டொப்

கனடாவிலிருந்து வந்த லப்டொப்பைக் கஜாலினி பெட்டியிலிருந்து எடுத்தபோது அவளுடைய புருசன் சுதாகரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சிரிக்காமல் நிற்க வழியில்லை. அதைத் தன் பயணப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்த, பக்கத்து ஊர்ச் சரவணைக்காரர் எதிரே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, மற்றக் கையால் போனைப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அனுப்பியவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நல்லவேளையாக எந்தப் போனும் மனதுக்குள் நடப்பதைப் படம் பிடிப்பதில்லை. இது வழியில் எங்கேயாவது விழுந்து உடைந்திருக்கக் கூடாதா என்பதுதான் சுதாகரனுக்கு வந்த முதல் எண்ணம்.

சாமானின் பெருமையைச் சரவணைக்காரர் தன் சொந்தச் சாமானைப் போலச் சொன்னார். சாதாரண லப்டொப் இல்லையாம். வீட்டுப் படம் கீறுகிறவர்களும் சினிமாப் படம் வெட்டி ஒட்டுகிறவர்களும் தொழிலுக்குப் பாவிக்கிறதாம். உள்ளே இருக்கிற புரொசெசர் இப்போதுதான் புதிதாக வந்ததாம். பழையது இரவு முழுக்க மூச்சு வாங்கிச் செய்கிற வேலையை இது தேத்தண்ணி ஆற முதல் முடித்துவிடுமாம். சகலனுக்கு இனி ஒரு சாட்டும் சொல்ல ஏலாது என்று, அதை அனுப்பிய ஜெகதீஸ் பகிடியாகச் சொல்லிவிட்டவராம். கஜாலினி சிரித்தாள். சுதாகரனும் சேர்ந்து சிரித்தான், காது இரண்டும் சூடாகிவிட்டன.

சுதாகரன் வேலணையில் வீட்டுப் பிளான் கீறுகிறவன். அந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக் காசில் எழும்பிய புது வீடுகளில் பாதி அவன் கீறியவை. மற்றப் பாதி அவன் கீறியதைப் பார்த்து மேசன்மார் தாங்களாகவே கட்டியவை. நல்ல வேலைக்காரன், அளவு பிசகாது. ஆனால் வெளிநாட்டுக்காரருக்குக் கோடும் அளவும் போதாது. வீடு கட்டி முடிந்தால் எப்படி இருக்கும் என்று நிறத்தோடு, முற்றத்தில் கார் நிற்க, பின்னால் பனை தெரிய ஒரு படம் வேண்டும். அந்தப் படத்தைச் செய்யும்போதுதான் கொம்பியூட்டர் திணறும். சுதாகரனின் பழைய லப்டொப் திணறியது உண்மை. திணறித் திணறியே எல்லாருடைய வீட்டையும் முடித்துக் கொடுத்துவிடும். ஒரேயொரு வீடு வந்தால் மட்டும் படுத்துவிடும். அது துஷாந்தி அக்காவின் வீடு.

துஷாந்தி கஜாலினியின் தமக்கை, ஜெகதீஸின் மனைவி. தாய் தகப்பன் ஊர் வழக்கப்படி மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையும், இளையவளுக்குச் சரவணைப் பக்கம் ஒரு வெறுங்காணியையும் சீதனமாக எழுதினார்கள். மூத்தவள் புருசனோடு கனடாவுக்குப் போய்விட, வீடு பாழாகக் கூடாதென்று இளையவள் குடும்பம் வந்து இருந்தது. வாடகை என்று அக்கா வாய் திறந்ததில்லை. கூட்டி விளக்கு வைத்தால் போதும் என்றாள். அந்த வளவில் இருப்பது நல்ல தண்ணிக் கிணறு, அதன் அருமை தீவில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சரவணைக் காணிக் கிணற்றுத் தண்ணியில் வாய்கூடக் கொப்பளிக்க முடியாது, அவ்வளவு உவர். மகள் நிலாந்தினி இந்த வீட்டில்தான் பிறந்தாள், இப்போது பத்தாம் வகுப்பு. இது வேறொருவருடைய வீடு என்ற நினைப்பே சுதாகரனுக்கு விட்டுப்போயிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த நேரம் பார்த்துத்தான் ஜெகதீஸ் போன் எடுத்தார். பழைய வீட்டை இடித்துவிட்டு மேல்மாடியோடு புதிதாகக் கட்டப் போகிறோம், சொந்தச் சகலன் இருக்க வேறு யாரிடம் பிளானுக்குப் போவது என்றார். சுதாகரன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டான். கட்டுகிற காலத்தில் தாங்கள் எங்கே இருப்பது, கட்டி முடிந்த பிறகு எங்கே இருப்பது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டால், வீட்டில் கண் வைத்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம்.

கையில் வேலை வந்தால் அவனுக்கு வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கிழமைக்குள் முழு வீட்டையும் கீறிவிட்டான். அவன் கீறியதிலேயே வடிவான வீடு அதுதான். கடைசிப் படம் திரையில் வந்து நின்றபோது கொஞ்ச நேரம் பெருமையோடு பார்த்தான். பிறகு, இந்த வீட்டில் தானும் கஜாவும் பிள்ளையும் எந்த அறையில் இருக்கிறோம் என்று தேடினான். அப்படி ஓர் அறை அதில் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, அவன் கீறவில்லை. அவன் கீறிக் கட்டிய மற்ற வீடுகள் எப்படிக் கிடக்கின்றன என்பதும் அவனுக்குத் தெரியும். கேற்றில் பூட்டு, சுவரில் கமரா, வருடத்தில் ஒருதரம் கோயில் திருவிழாவுக்குத் திறப்பார்கள். துஷாந்தி அக்கா நல்லவள்தான். அந்தப் பூட்டின வீட்டுக்காரர்களும் நல்லவர்கள்தான்.

அடுத்த நாள் அக்கா போன் எடுத்துப் படம் எப்படி வந்தது என்று கேட்டபோது அவனுடைய வாய் தானாகவே சொன்னது.

"லப்டொப் இழுக்குது அக்கா. பெரிய வீடெல்லோ, படம் வருகுதில்லை."

சொல்வது சுகமாக இருந்தது, அதை வளர்ப்பதுதான் பெரும்பாடாகப் போனது. முதலில் இழுத்தது. பிறகு பாதியில் நின்றது. பிறகு பைல் பழுதாகி அடியிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு மழை, கரண்ட், பிறகு திரும்பவும் இழுவை. இதையெல்லாம் முழுதாக நம்பினவள் கஜாலினி. அவளுக்குக் கொம்பியூட்டர் விசயம் விளங்காது, புருசன் சொன்னதைக் குசினிப் பாசையில் விளங்கிக்கொண்டாள். தமக்கை கேட்டால் படம் இன்னும் அவியவில்லை என்பாள். எவ்வளவு எரித்தாலும் அவியாத அரிசி மாதிரிக் கிடக்கிறது, இந்த மனிசனும் அதற்கு முன்னால் காவல் இருக்கிறது என்பாள். லப்டொப் சூடேறக் கூடாதென்று தன் கட்டிலடியில் இருந்த மேசை மின்விசிறியை எடுத்து வந்து அதற்குப் பின்னால் வைத்துவிட்டு, தான் புழுக்கத்தில் படுத்தாள். சுதாகரன் அதைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களுடைய வீடுகளைக் கீறினான்.

கடைசியில் அவள் தமக்கையோடு சண்டையே பிடித்துவிட்டாள். மாடி வீடு வேண்டுமாம், அதைக் கீறுகிற மனிசனுக்கு ஒரு நல்ல சாமான் வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லையாம், அவருடைய கண் பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டாளாம். கஜாலினி யாரிடமும் ஒன்று கேட்டு வாங்குகிறவள் இல்லை. இத்தனை வருடத்தில் அக்காவிடம் பிள்ளைக்கு ஒரு சட்டை என்றுகூடக் கேட்டதில்லை. முதன்முதலாக வாய் திறந்து கேட்டது இதற்குத்தான், அதுவும் ஒரு பொய்யை நம்பி. அதை நினைக்க நினைக்கச் சுதாகரனுக்குத் தன் முகத்தைத் தானே பார்க்கப் பிடிக்கவில்லை.

லப்டொப் வந்த செய்தி ஊரில் பரவியது. அயல்வீட்டுச் சிவபாதம் அண்ணை வந்து மூடியைத் தடவிப் பார்த்து, கனமில்லையே என்று சந்தேகப்பட்டார். பிறகு சுவிசில் இருக்கும் தன் மகனின் வீட்டுப் பிளானில் ஒரு குளியலறையைக் கூட்டச் சொன்னார். சுதாகரன் அந்த ஒரு பிளானை மட்டும் புதிதில் போட்டுக் கூட்டிக் காட்டினான். தேத்தண்ணி வர முதல் படம் நிறத்தோடு வந்துவிட்டது. சிவபாதம் அண்ணை வாயைப் பிளந்துகொண்டிருக்க, கஜாலினி கதவு நிலையில் சாய்ந்து நின்று புருசனைப் பார்த்தாள். கலியாணம் கட்டின புதிதில் பார்த்த பார்வை அது. இப்போது யாராவது தன்னைக் கள்ளன் என்று கூப்பிட்டால் நல்லாயிருக்கும் என்று சுதாகரன் நினைத்தான்.

கஜாலினி அதோடு விட்டாளா? புது வாகனத்தை நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் கொண்டுபோகிற மாதிரி லப்டொப்பையும் கொண்டுபோக வேண்டும் என்றாள். குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ், பிறகு வள்ளம். மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் லப்டொப்பை வைத்து, அந்தப் பைக்கு மேலே துவாய் சுற்றி, கடல் தெறிக்காமல் மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்த மனிசி கைக்குழந்தை என்று நினைத்து, எத்தனை மாதம் என்று கேட்டாள். நயினாதீவில் ஐயர் கண்ணை ஒருதரம் விரித்துப் பார்த்தார், ஆனாலும் மறுக்கவில்லை. மூடியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவும் வைத்துத் தீபம் காட்டினார்.

சுதாகரன் கைகூப்பிக்கொண்டு நின்றான். என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நல்லாக ஓட வேண்டும் என்று கேட்டால் இருக்கிற வீடு போகும். ஓடக்கூடாது என்று கேட்கலாமென்றால் தட்டில் பூவோடு இருப்பதே அந்த லப்டொப். ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டுத் திரும்பினான். வெளியே வந்ததும் கஜாலினி என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தாள். நல்லா ஓட வேணும் எண்டு கேட்டனான் என்றான். அம்மாளாச்சியின் வாசலிலும் ஒரு பொய்.

பழைய லப்டொப்பில் இருந்ததையெல்லாம் புதிதுக்கு மாற்ற யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனபோதும் கஜாலினி கூடவே வந்தாள். ஒன்றும் விடாமல் மாற்றிப் போடுங்கோ என்று கடைக்காரருக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். அந்த முடிந்த வீட்டைப் பழையதோடேயே விட்டுவிடலாம் என்று சுதாகரன் நினைத்திருந்தது அத்தோடு போயிற்று. வீட்டுக்கு வந்து அழித்திருக்கலாம். ஆனால் அவ்வளவு வடிவாகக் கீறியதை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தான். அதே வீட்டில் ஒரு பிரதி எடுத்து, கூரையைக் கழற்றி, மேல்மாடியைக் கழற்றி, சுவர்களைப் பாதியில் நிறுத்தி, இன்னும் முடியாத வீடாக ஆக்கி வைத்தான். கீறின வீட்டைக் களவாக இடித்து வைத்த முதல் ஆள் இவனாகத்தான் இருக்கும்.

அந்த இடித்த வீட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை காட்டுவதாக இருந்தான். இங்கே பின்னேரம், அங்கே காலை. துஷாந்தி அக்காவும் ஜெகதீஸும் கோப்பியோடு வந்து கமராவுக்கு முன்னால் இருந்தார்கள். நிலாந்தினி ரியூசனுக்குப் போயிருந்தாள். கஜாலினி கதிரையை இழுத்துப் புருசனுக்குப் பக்கத்தில் போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்து இருந்தாள். படம் அவ்வளவு தெளிவு. அக்காவின் பின்னால் அலுமாரிக்கு மேலே இருந்த மருந்துப் போத்தலின் பெயரையே வாசிக்கலாம் போல இருந்தது.

ஜெகதீஸ் வேகம் எப்படி என்று கேட்டார். நல்ல வேகம் அண்ணை என்றான் சுதாகரன். அப்படியென்றால் வீடு எந்த அளவில் நிற்கிறது, திரையைக் காட்டும் பார்ப்பம் என்றார். சுதாகரன் தன் திரை அவர்களுக்குத் தெரிகிற மாதிரிச் செய்து, கனடா வீடு என்று பெயர் போட்ட போல்டரைத் திறந்தான்.

பழைய லப்டொப்பில் அதைத் திறந்தால் வெறும் பெயர்கள்தான் வரிசையாக வரும். படங்களைச் சின்னதாக்கிக் காட்டுகிற தென்பு அதற்கு இல்லை. புதிதில் கீறுகிற புரோகிராமுக்குள்ளால்தான் அவன் வேலை செய்திருந்தான், போல்டரைத் திறப்பது இதுதான் முதல்தரம், அந்தப் பழைய பழக்கத்தில் திறந்தான். புதிது அப்படியில்லை. திறந்த கையோடு உள்ளே இருந்த அத்தனை வீட்டையும் சின்னச் சின்னப் படங்களாக்கித் திரை நிறையப் பரப்பிவிட்டது. முன்பக்கத்தில் இருந்து ஒன்று, கிணற்றடியில் இருந்து ஒன்று, மேல்மாடி வராந்தா, மாலையில் வெளிச்சம் போட்டபடி ஒன்று. மறைக்க வேண்டும் என்று கைக்குத் தெரிவதற்குள் நாலு பேரும் பார்த்துவிட்டார்கள்.

"அது எங்கட வீடெல்லோ?" என்றாள் துஷாந்தி அக்கா. "முடிஞ்சிட்டுதோ தம்பி?"

ஜெகதீஸ் கைதட்டினார். அதைத் திற, பெரிதாக்கு என்றார். சுதாகரன் திறந்தான். திறக்காமல் என்ன செய்வது? ஒரு கணமும் யோசிக்க விடாமல் அது திறந்தது. முழு வீடும் முற்றத்துக் காரோடு வந்து நின்றது. இவர் எங்களுக்குச் சொல்லாமல் முடித்து வைத்து அசத்தப் பார்த்திருக்கிறார் என்று ஜெகதீஸ் மனைவியிடம் சொன்னார். இவ்வளவு காலம் இழுத்தது, நல்ல சாமான் கையில் வந்ததும் ஒரு கிழமையில் முடிந்துவிட்டது பார்த்தாயா, பாவம், மனிசனைப் பழைய பெட்டியோடு போட்டு வதைத்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார். சுதாகரன் சிரித்துக்கொண்டிருந்தான். கமராவுக்குச் சிரிக்க இப்போது பழகிவிட்டது.

அக்கா வளவுப் படத்தையும் காட்டச் சொன்னாள். வீடு எந்த இடத்தில் வருகிறது, கிணறு எங்கே, மரங்கள் எங்கே என்று காட்டுகிற தாள் அது. வளவில் நிற்கிற மரங்களையெல்லாம் உள்ளபடி குறிப்பது சுதாகரனின் வழக்கம். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஐயோ, கேற்றடி முருங்கையையும் போட்டிருக்கிறீர். அது இன்னும் நிக்குதோ கஜா? கட்டேக்க அதைத் தறிக்க விடாத."

கேற்றடி முருங்கை இல்லை. இரண்டு மாரிக்கு முன்னால் ஒரு காற்றில் அடியோடு விழுந்தது. விழுந்த மரத்தைக் கஜாலினிதான் கத்தியோடு நின்று தறித்து விறகாக்கினாள். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். நின்ற இடத்தில், நின்ற அளவில், சுதாகரனின் வடிவான எழுத்தில் முருங்கை என்று போட்டிருந்தது. மரம் விழ முதல் கீறிய படம் இது என்று அவளுக்கு விளங்கியிருக்கும் என்பது சுதாகரனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"ஓம் அக்கா, நிக்குது" என்றாள் கஜாலினி. பிறகு, கேட்காமலே இன்னும் ஒன்றைச் சொன்னாள். "இந்தக் கிழமை முழுக்க நித்திரை இல்லாமல் இருந்து கீறினவர்."

ஜெகதீஸ் அதற்கும் பாவப்பட்டார். பிறகு காரியத்துக்கு வந்தார். படம் வந்துவிட்டது, இனிப் பிந்தத் தேவையில்லை, சித்திரைக்குப் பிறகு பழசை இடிக்கலாம், அதற்குள் நீங்களும் ஒரு இடம் பாருங்கோ என்றார். கட்டினபிறகு மிச்சத்தைப் பாப்பம் என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவருடைய வீடு, அவருடைய காசு. கஜாலினி சரி அத்தான் என்றாள். அக்கா என்னவோ சொல்ல வந்து புருசனைப் பார்த்துவிட்டு, பிறகு கதைக்கிறேன் என்று சொல்லி இணைப்பை வெட்டினாள்.

கஜாலினி எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். சுதாகரன் பின்னாலேயே போனான். அவள் துலாவை இழுத்து வாளியை நிரப்பினாள், தேவையில்லாமல் இன்னொரு வாளியும் நிரப்பினாள். கத்துவாள் என்று காத்துக்கொண்டு நின்றான். கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

எப்போது கீறி முடித்தது என்று கேட்டாள். முருங்கை நிற்கும்போதே என்றான். ஏன் கொடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை, அது அவளுக்கு விளங்கிவிட்டது. தனக்கு ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் கேட்டாள். நீர் கவலைப்படுவீரெண்டுதான் என்று தொடங்கினான். அது அவனுடைய காதுக்கே பொய்யாகக் கேட்டதால் பாதியில் நிறுத்திவிட்டான்.

"நான் உங்கட லப்டொப்புக்காக அக்காவோட முகம் முறிச்சனான்" என்றாள் கஜாலினி. "அது போகட்டும். சரவணையில என்ர காணி சும்மா கிடக்குது. இந்த ரெண்டு வருசத்தில அதில ஒரு அறை எண்டாலும் போட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் வீடு கீறினனீங்கள். எனக்கு ஒரு கோடு கீறேல்லை."

அந்தக் காணியை அவன் நினைக்காமல் இல்லை. நினைத்தபோதெல்லாம் உவர்த் தண்ணியைக் காரணம் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான். உண்மை வேறு. ஊருக்கு மாடி வீடு கீறுகிற சுதாகரன் வடலிப் பனைகளுக்குள் இரண்டு அறைக் கல்வீடும் தகரக் கூரையுமாக இருக்கிறான் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் சகலன் வீட்டில் ஒளித்திருந்தான். பெண்சாதிக்கு ஒரு வீடு இல்லாமல் போனதும் அதனால்தான். வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படாமல், வெட்கப்படத் தேவையில்லாததற்கு வெட்கப்பட்டு இத்தனை வருடம் போய்விட்டது என்று நினைத்தபோது அவனுக்கு அந்தக் கிணற்றடியில் நிற்கவே கூசியது.

"இண்டைவரைக்கும் அக்காவுக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை" என்றாள் அவள். குரல் உயரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

சுதாகரன் உள்ளே வந்து லப்டொப்புக்கு முன்னால் இருந்தான். பழையதென்றால் திறந்து, அது எழும்பி, வைபர் வந்து, இணைப்புக் கிடைப்பதற்குள் மனிசன் பத்துத்தரம் மனம் மாறலாம். இதில் அழுத்திய கையோடு துஷாந்தி அக்காவின் முகம் வந்துவிட்டது. அதே கதிரையில் தனிய இருந்தாள், கையில் அதே கோப்பி. என்ன தம்பி என்றாள். அவன் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"அக்கா, அந்தப் பிளான் இப்ப கீறினதில்லை. நீங்கள் கேட்ட மாதமே கீறி முடிச்சிட்டன். லப்டொப்பில பிழை இல்லை. எங்களுக்கு எங்க போறதெண்டு தெரியேல்லை, உங்களிட்டக் கேக்கவும் வெக்கமாய்க் கிடந்தது. அதுதான் இழுக்குது இழுக்குது எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. அக்கா கோப்பியைக் கீழே வைத்தாள். கோபமா கவலையா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. பிறகு அவள் கேட்டது வீட்டைப் பற்றியல்ல, லப்டொப்பைப் பற்றியுமல்ல.

"கஜா தெரிஞ்சுகொண்டோ எனக்கு இந்தக் கிழமை கீறினவர் எண்டு சொன்னவள்?"

சுதாகரன் இதை எதிர்பார்க்கவில்லை. தன் பொய்யைக் கழுவப் போய் அவளுடைய பொய்யைத் தூக்கி அக்காவுக்கு முன்னால் வைத்துவிட்டான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவள் அந்தப் பொய்யைச் சொன்னது தன் புருசன் மற்றவர்கள் முன்னால் தலை குனியக் கூடாதென்று. அவன் அவளுடைய தலையைக் குனிய வைத்துக் கணக்குத் தீர்க்க வந்து நிற்கிறான்.

"இல்லை அக்கா" என்றான். "அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான் சொன்னதை நம்பிச் சொன்னவ."

பின்னால் குசினி வாசலில் சத்தம் கேட்டது. கஜாலினி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று தெரியாது. சற்றுமுன் இருந்த அதே கதிரையை இழுத்து, கமராவுக்கு இரண்டு பேரும் தெரிகிற மாதிரி அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னனான், அக்கா" என்றாள். "முருங்கை நிக்கேல்லை."

துஷாந்தி அக்கா தங்கையைப் பார்த்தாள். கஜாலினி கண்ணை எடுக்காமல் இருந்தாள். அந்த நேரம் அங்கே உள்ளறையில் இருந்து ஜெகதீஸின் குரல் கேட்டது. யாரது, திரும்ப என்னவாம் என்று கேட்டார். அவர் வரும் காலடிச் சத்தமும் கேட்டது. சுதாகரன் எழும்பி நிற்கப் போனான், இந்தமுறை அவருக்கும் தன் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று.

அக்கா அவனை இரு என்று கையால் காட்டினாள். தலையைத் திருப்பாமல், அவர்கள் இருவரையும் பார்த்தபடியே புருசனுக்குப் பதில் சொன்னாள்.

"ஒண்டும் விளங்கேல்லையப்பா. லைன் இழுக்குது."

லைன் இழுக்கவில்லை. அக்காவின் கண்ணுக்குள் தண்ணி கட்டி நிற்பதுகூட வடிவாகத் தெரிந்தது.